வெங்காரம் போடாத குடுவை

“உங்களுக்கு ஆகாத ஒரு ஆள் செஞ்ச தப்பு உங்க கையில வசமா மாட்டுது. உடனே சொல்லிடுவீங்களா? இல்ல, அந்த ஆள் மேடை ஏறுற வரைக்கும் வாயை மூடிக்கிட்டுக் காத்திருப்பீங்களா?”

பள்ளியின் கடைசி வருடத்தில், கடலைப் பற்றிப் பேச எங்கள் வகுப்புக்கு வந்த கடல் ஆய்வாளர் நெவ்யானா கேட்ட கேள்வி இது. வகுப்பில் பாதிப் பேர் “காத்திருப்போம்!” என்று கத்தினார்கள். மீதிப் பேர் சிரித்தார்கள். அதன்பிறகு நெவ்யானாவிடமும் கூட வேலை பார்த்தவர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கதை.

நெவ்யானாவின் அப்பா ஜெல்யாஸ்கோ மட்டி எடுப்பவர். கராபுருன் முனைக்கு எதிரே கடலடியில் ஒரு மட்டித் திட்டு இருந்தது. கறுப்பு மட்டிகள் ஒன்றையொன்று நூலால் இறுகக் கட்டிக்கொண்டு ஒரு கோதுமை வயல் அகலத்துக்குப் படர்ந்து கிடக்கும். ஜெல்யாஸ்கோ மூச்சை அடக்கி முங்கி, வாளி வாளியாக எடுத்து வருவார். அரிசியும் வெங்காயமும் சேர்த்து அவர் ஆக்கும் மட்டிச் சோற்றுக்காகவே கோடையில் தலைநகர் சோஃபியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

பிறகு துறைமுகத்தை ஆழப்படுத்த ஒரு கம்பெனி வந்தது. தோண்டிய சேற்றைப் படகு படகாகக் கொண்டுவந்து அந்தத் திட்டின்மேல் கொட்டியது. அடுத்த கோடையில் மட்டி இல்லை. மீனவர்கள் நகராட்சி மண்டபத்தில் கூடி நியாயம் கேட்டார்கள். கடல் ஆய்வு நிலையத்தின் சார்பில் காமென் த்ராஷெவ் பேச வந்தார். நல்ல கோட்டு, நல்ல குரல். அப்போதுதான் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

“சேறு கொட்டுறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி குடுவையில எடுத்து வெச்ச கடல்தண்ணிய நான் பாத்துட்டேன். அதுல ஒரு மட்டிக் குஞ்சு கூட இல்ல. உங்க திட்டு அப்பவே சாகத் தொடங்கிடுச்சு. சேத்து மேல பழி போடாதீங்க” என்றார்.

ஜெல்யாஸ்கோ எழுந்தார். “அப்போ ரெண்டு வருஷமா நான் வித்ததெல்லாம் செத்த மட்டியா ஐயா? தின்னவன் எவனும் சாகலையே!”

மண்டபம் சிரித்தது. த்ராஷெவும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்துச் சொன்னார்: “அண்ணே, நீங்க வாளியால அளக்குறீங்க. நாங்க நுண்ணோக்கியால அளக்குறோம்.”

மண்டபம் இன்னும் பலமாகச் சிரித்தது. இந்த முறை ஜெல்யாஸ்கோவைப் பார்த்து. கல்லூரியில் உயிரியல் படித்துக்கொண்டிருந்த நெவ்யானா அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் காது மடல்கள் சிவந்ததைப் பார்த்தாள். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் மெதுவாக உட்கார்ந்ததைப் பார்த்தாள்.

இழப்பீடு எதுவும் வரவில்லை. ஜெல்யாஸ்கோ ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போனார். கடலில் நிமிர்ந்தே இருந்த மனிதர், அங்கே நாள் முழுக்கக் குனிந்து பறித்தார். சில வருடம் கழித்து, தோட்டத்துத் தகரக் கொட்டகையில் நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். உடல்தான் ஊருக்கு வந்தது.

இறந்தவரின் நினைவு நாளன்று அவர் படம் போட்ட தாளை எங்கள் ஊரில் எல்லோரும் வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள், தெரு மரத்தில் ஒட்டுவார்கள். நெவ்யானா ஆய்வு நிலையத்தின் வாயில் தூணில் ஒட்டினாள். அதற்குள் அவளும் அங்கே வேலையில் சேர்ந்திருந்தாள். சேர்ந்ததே அப்பாவின் நியாயத்தை நிரூபிக்கத்தான். தாளை த்ராஷெவின் கண் உயரத்துக்குச் சரியாக அளந்து ஒட்டுவாள். ஒவ்வொரு வருடமும் மழையில் கரைந்த பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுவாள்.

ஒரு வருடம் த்ராஷெவ் தூணுக்கு முன்னால் நின்று கேட்டார்: “யாரு இது, உன் சொந்தக்காரரா? நல்ல முகம்.”

அவருக்கு அடையாளமே தெரியவில்லை. “ஆமாங்க ப்ரொபசர், சொந்தம்தான்” என்று நெவ்யானா சொன்னாள். அதுவரை இருந்தது கோபம். அன்றைக்குத்தான் அது வஞ்சமாகிக் கெட்டிப்பட்டது என்று பிறகு சொன்னாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. கராபுருனில் முங்கினாள். சேற்றுக்குள் நீளக் குழாய்களை அடித்து இறக்கி, உள்ளே இருந்ததை அப்படியே உருவி எடுத்தாள். சேற்றுக்கு அடியில் மட்டிகள் இருந்தன. செத்து உதிர்ந்த மட்டி வாய் பிளந்து கிடக்கும். இவை வாய் மூடி, செங்குத்தாக, பக்கத்து மட்டியோடு நூல் கட்டியபடி நின்றன. உயிரோடு புதைக்கப்பட்டவை. ஆனால் எங்கே எழுதினாலும் எதிரே த்ராஷெவின் குடுவைகள் வந்து நின்றன. ‘திட்டு முன்பே சாகத் தொடங்கிவிட்டது’ என்ற அவர் கண்டுபிடிப்பு அப்போதே பெயர்பெற்றுவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு உலக அறிக்கை எழுதும் வேலை வந்தது. உலகத்துக் கடல்களின் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று பல நாட்டு அறிவியலாளர்கள் சேர்ந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை எழுதுவது. சம்பளம் கிடையாது, பெயர் மட்டும் வரும். எங்கள் கரையைப் பற்றிய பகுதிக்கு த்ராஷெவ் தலைமை. நெவ்யானா அந்தப் பகுதியை எழுதியவர்களில் ஒருத்தி. த்ராஷெவின் குடுவைகளுக்கு ஒரு பத்தி, நெவ்யானாவின் சேற்றுக் குழாய்களுக்கு ஒரு பத்தி. முடிவுரை மட்டும் த்ராஷெவ் பக்கம் சாய்ந்திருந்தது.

அந்த அறிக்கைக்கு ஒரு முறை உண்டு. வரைவை இளவேனிலில் வெளியே வைப்பார்கள். கோடை தொடங்கும் வரை யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம். எவ்வளவு அசட்டுத்தனமான குறையானாலும், எழுதியவர் எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும்; சரியானால் திருத்தியே ஆக வேண்டும். கெடு முடிந்தால் முடிந்ததுதான். அக்டோபரில் நடக்கும் கடைசிக் கூட்டத்தில் பத்தி பத்தியாகப் படிப்பார்கள். அங்கே இருப்பதை அடித்து நீக்கலாம், புதிதாக ஒரு வரி சேர்க்க முடியாது.

நெவ்யானாவுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. சேறுதான் திட்டைக் கொன்றது என்று அந்த அறிக்கையில் ஏற வேண்டும். கம்பெனி அதே முனையில் இன்னொரு முறை சேறு கொட்ட அனுமதி கேட்டிருந்தது. அந்த வரி ஏறினால் அனுமதி கிடைக்காது. ஜெல்யாஸ்கோ சொன்னது உண்மை என்றும் ஆகும்.

ஏப்ரலில் வேறு ஏதோ ஒரு புழுவைத் தேடி நெவ்யானா பழைய மாதிரிகளை அடுக்கி வைத்த குடுவை அறைக்குப் போனாள். கூட த்சோன்கா வந்தாள். ஆய்வகத்தில் நெவ்யானாவுக்கு இளையவள், வாய் ஓயாதவள். த்ராஷெவ் ஆராய்ந்த தொண்ணூற்றேழாம் வருடத்துக் குடுவை ஒன்றைத் திறந்து, ஒரு துளியை நுண்ணோக்கியின் அடியில் வைத்தார்கள். நண்டின் குஞ்சுகள், நீந்தும் சின்னப் பூச்சிகள் எல்லாம் கால் உடையாமல் இருந்தன. ஓடுள்ள உயிர் மட்டும் ஒன்றுகூட இல்லை. மட்டி இல்லை, நத்தையும் இல்லை. அவற்றுக்குப் பதிலாக அடியில் வடிவமில்லாத வழவழப்பான புள்ளிகள் நிறையக் கிடந்தன.

நெவ்யானா நீல லிட்மஸ் தாள் ஒன்றைக் குடுவைக்குள் நனைத்தாள். தாள் சட்டென்று சிவந்தது.

“அக்கா, இது என்ன தண்ணியா, வினிகரா?” என்றாள் த்சோன்கா.

உயிர்கள் அழுகாமல் இருக்கக் குடுவையில் ஊற்றும் ஃபார்மலின் நாளாக நாளாகப் புளித்துப்போகும். புளித்தால் சுண்ணாம்பு ஓட்டைத் தின்றுவிடும். அதனால்தான் குடுவையில் புளிப்பை முறிக்க ஒரு சிட்டிகை வெங்காரம் போட்டு வைப்பார்கள். கடலுயிரைக் குடுவையில் வைக்கப் பழகுகிறவர்களுக்கு முதல் நாள் பாடமே அதுதான்.

“வெங்காரம் போடாம விட்டிருக்காங்க” என்றாள் நெவ்யானா.

“தொண்ணூத்தேழுல்ல அக்கா? எங்கம்மா ரொட்டிக்கே விடியறதுக்கு முன்னாடி வரிசையில நின்ன குளிர்காலம் அது. வெங்காரத்துக்கு எவன் காசு குடுத்திருப்பான்?”

“அப்போ த்ராஷெவ் இங்க இல்ல. வெளிநாட்டுல இருந்தாரு. திரும்பி வந்து குடுவையத் திறந்து மட்டியை மட்டும் தேடியிருக்காரு. நத்தையும் சேந்து காணோமேன்னு பாக்கவே இல்ல.”

மட்டிக் குஞ்சுகள் கடலில் சாகவில்லை. குடுவைக்குள் கரைந்திருந்தன. இத்தனை வருடமாக அவள் த்ராஷெவை கம்பெனியிடம் காசு வாங்கியவர் என்று நினைத்து வெறுத்திருந்தாள். அவர் வெறும் அவசரக்காரர் என்று இப்போது தெரிந்தது. அதனால் வெறுப்பு குறையவில்லை. ஒரு அவசரக்காரனின் அரைமணி நேரச் சோம்பலுக்காகவா அப்பா தகரக் கொட்டகையில் செத்தார் என்று நினைத்தபோது அது இன்னும் கூடியது.

“உடனே எழுதிப் போடு அக்கா” என்று குதித்தாள் த்சோன்கா. “ஒரே வரி போதும். அவரு திருத்தித்தான் ஆகணும். உன் சேத்துக் குழாய் தானா மேல வந்துடும்.”

“எழுதினா என்ன நடக்கும் தெரியுமா? ‘நன்றி, திருத்தப்பட்டது’ன்னு பதில் வரும். ரெண்டு விரலால தட்டிட்டு காபி குடிக்கப் போயிடுவாரு. எங்கப்பாவுக்கு பதில் அவ்ளோதானா? யாரும் சிரிக்க மாட்டாங்க.”

“சிரிக்கணுமா?”

“மண்டபமே சிரிக்கணும்.”

“அக்டோபர்ல புதுசா ஒண்ணும் எழுத விட மாட்டாங்களே.”

“எழுத வேணாம். அவர் பத்தியை அடிச்சா என் பத்தி மட்டும் நிக்கும். அது போதும்.”

த்சோன்கா அவளை உற்றுப் பார்த்தாள். “நீ இப்படிப் பேசுறப்ப உன் மூக்கு நுனி வெளுத்துப் போகுது அக்கா. பாக்கவே நல்லா இல்ல.”

நெவ்யானா எழுதவில்லை. காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பு இனித்தது. த்ராஷெவிடம் என்றும் இல்லாத பணிவோடு நடந்துகொண்டாள். வீட்டில் காய்ச்சிய செர்ரிப் பாகு ஒரு புட்டி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் பத்தியில் இருந்த எழுத்துப் பிழைகளைக்கூடத் திருத்திக் கொடுத்தாள். அந்தப் பத்தி மேடையில் நன்றாக உடுத்திக்கொண்டு வரட்டும் என்று.

“என்ன பொண்ணே, இந்த வருஷம் ரொம்ப சாந்தமா இருக்கே?” என்றார் த்ராஷெவ். நாற்பது தாண்டிய பிறகும் அவளை அவர் ‘பொண்ணே’ என்றுதான் கூப்பிடுவார்.

“வயசாகுதில்ல ப்ரொபசர்.”

“எனக்கும்தான். இந்த அறிக்கையோட நான் ஓய்வு. நல்லபடியா முடிச்சிட்டுப் போகணும்.”

“முடிச்சிடலாம்” என்றாள் நெவ்யானா. கெடு முடிந்தது. அவள் வாய் திறக்கவில்லை.

அக்டோபர் கூட்டம் அந்த முறை எங்கள் கரையிலேயே நடந்தது. கோடைக்காரர்கள் போய்க் காலியான கடற்கரை விடுதி. தட்டுகளில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா அப்பம் ஆறிக்கொண்டிருந்தது. பல நாட்டு ஆட்கள் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்துக்குத் தலைமை லிஜியா என்ற ருமேனியப் பெண்மணி. மெல்லிய குரல், யாரையும் கடிந்து பேச மாட்டார். த்ராஷெவ் புது டை கட்டியிருந்தார். குடுவைப் பத்தியை அவரே படித்தார்.

“ஆட்சேபம் உண்டா?” என்றார் லிஜியா. கேட்டுக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார்.

நெவ்யானா எழுந்தாள். பையிலிருந்து குடுவையை எடுத்து மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். நெடி பரவியது. யாரோ இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தார்கள். அவள் நீலத் தாளை நனைத்துத் தூக்கிக் காட்டினாள். சிவந்த தாளைப் பார்த்ததும் அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

த்ராஷெவ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குடுவையைக் கையில் வாங்கினார். “இது எந்த வருஷத்துது?”

“தொண்ணூத்தேழு.”

“வெங்காரம்?”

“ரொட்டியே இல்லாத வருஷம் ப்ரொபசர்.”

பின்வரிசையிலிருந்து ஒருவர், “அப்போ இத்தனை வருஷமா நீங்க ஆராஞ்சது கடலை இல்ல, ஊறுகாயை!” என்றார். மண்டபம் சிரித்தது. மண்டபமே சிரித்தது. த்ராஷெவின் காது மடல்கள் சிவந்தன. நெவ்யானா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பசித்தவள் சோற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

லிஜியா சிரிக்கவில்லை. “இது உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டார்.

சுவரோரம் நின்றிருந்த த்சோன்கா அவளைப் பார்த்துக் கையால் தரையைக் காட்டிக் காட்டி ஆட்டினாள்: இப்பதான்னு சொல்லு, இப்பதான்னு சொல்லு. நேற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், யாரும் தோண்டியிருக்க மாட்டார்கள். ஆனால் நெவ்யானாவுக்கு இன்னும் ஒரு வாய் மிச்சம் இருந்தது. தெரிந்துகொண்டே காத்திருந்தேன், செர்ரிப் பாகு கொடுத்துக்கொண்டே காத்திருந்தேன் என்று அந்த மனிதருக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது என்ன பழி?

லிஜியாவுக்கான பதிலை அவள் த்ராஷெவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: “ஏப்ரல்ல.”

சிரிப்பு நின்றுபோனது.

“கெடு முடியுறதுக்கு முன்னாடியேவா?”

“முன்னாடியே.”

“நீங்களும் இந்தப் பகுதியை எழுதினவங்கதானே?”

“ஆமா. என் பத்தி வேற. சேத்துக் குழாய்...”

லிஜியா பக்கத்தில் இருந்த இருவரோடு தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு பேனாவை மூடி வைத்தார். “குடுவைப் பத்தியை எடுக்குறோம். முடிவுரை அதுமேல நிக்குது, அதையும் எடுக்கணும். உங்க பத்தி...” கொஞ்சம் தயங்கினார். “மன்னிச்சுக்கங்க. பிழைன்னு தெரிஞ்சும் அதைக் கூடவே வெச்சிருந்து, கெடு முடியட்டும்னு காத்திருந்த ஒருத்தர் எழுதினது. நாளைக்கு ஒரு நாடு எந்திரிச்சு, இவங்க இன்னும் எதைச் சொல்லாம விட்டாங்கன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்ல? பகுதி முழுசையும் எடுக்குறோம்.”

“என் குழாய்கள் பொய் இல்ல!”

“இருக்காது. அதைப் பரிசோதிக்கத்தான் கோடை வரைக்கும் கெடு இருந்துச்சு.”

எங்கள் கரையின் பெயருக்கு எதிரே அந்த அறிக்கையில் ஒரே வரி அச்சாயிற்று: போதிய தரவு இல்லை.

வெளியே விடுதிப் படியில் த்ராஷெவ் சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றார். நெவ்யானா அவரைக் கடந்து போகப் பார்த்தாள்.

“ஏன்?” என்றார். அதட்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

“கராபுருன் ஜெல்யாஸ்கோவோட மக நான். வாளியால அளந்தவரோட மக.”

அவர் சிகரெட்டை விரலில் உருட்டினார். “தூண்ல இருக்குற படமா?”

“அதே படம்தான்.”

“ஏப்ரல்ல ஒரு வரி எழுதியிருந்தா நானே திருத்தியிருப்பேன் பொண்ணே. சேறுதான் கொன்னுச்சுன்னு என் கையாலயே எழுதியிருப்பேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“நீங்க சுலபமாத் தப்பிச்சிருப்பீங்களே!”

த்ராஷெவ் அவளை வெறித்துப் பார்த்தார். “நான் தப்பிக்கல, சரி. சேறு தப்பிச்சிடுச்சே” என்றார். பிறகு புது டையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். அன்று முழுக்க நெவ்யானாவுக்கு அந்தச் சிவந்த காதுகள்தான் கண்ணுக்குள் நின்றன. அவர் சொன்னது மறுநாள் காலையில்தான் உள்ளே இறங்கியது.

ஜனவரியில் கம்பெனியின் மனு நகராட்சிக்கு வந்தது. வக்கீல் அறிக்கையின் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். “உலகமே சேந்து எழுதியிருக்கு. போதிய தரவு இல்ல. இல்லாத கெடுதிய வெச்சுக்கிட்டு எங்கள எப்படி நிறுத்துவீங்க?”

நெவ்யானா குழாய்களோடு போயிருந்தாள். ஒன்றை நீளவாக்கில் பிளந்து மேசைமேல் கிடத்தி, வாய் மூடி நிற்கும் மட்டிகளைக் காட்டினாள்.

“இது அறிக்கையில இருக்கா மேடம்?”

“இருந்துச்சு.”

“யாரு எடுத்தா?”

அவள் குழாயின் இரண்டு பாதிகளையும் சேர்த்து மூடினாள். மீனவர்களில் ஒருவர், ஜெல்யாஸ்கோவோடு முங்கியவர், எழுந்து கேட்டார்: “சொல்லு நெவ்யான்கா, யாரு எடுத்தா?”

“என்னாலதான் போச்சு மாமா.”

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் எழுந்து போனார்கள். அனுமதி கிடைத்தது. பனி விட்டதும் சேற்றுப் படகுகள் கராபுருனுக்குப் போகத் தொடங்கின. ஆய்வகத்து ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். த்சோன்கா திரைச்சீலையை இழுத்து மூடுவாள். நெவ்யானா போய்த் திறந்துவிடுவாள்.

இப்போது வருந்துகிறீர்களா என்று நெவ்யானாவிடம் கேட்டேன். வருந்துகிறேன் என்ற பதில் வரும் என்று நினைத்தேன். வந்த பதில் இது: “அந்தாளு காது சிவந்ததை நெனச்சா இன்னைக்கும் இனிக்குது. படகு போறதைப் பாத்துக்கிட்டே நெனச்சாலும் இனிக்குது. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

இதைப் படித்தவர்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். அடுத்தவரின் பிழை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, சரியான மேடைக்காகக் காத்திருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். கெடு முடிவதற்குள் சொல்லுங்கள்.